நாலு மணிக்கு அனுப்பிடுங்க

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் கிடந்தன. ஒன்று வேன்காரருடையது, இன்னொன்று அவருடைய அக்காவுடையது. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாலுன்னா நாலுக்கேவா வருவாங்க? முன்னப் பின்ன ஆகும்டா" என்றாள் அக்கா. நாலரைக்கும் இதையேதான் சொன்னாள். அப்போது குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

உள்ளே, பிறந்தநாள்காரி புது கவுனோடு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அம்மா இல்லாத பிள்ளை என்பதால் பள்ளிக்கூட வேனில் அப்பாவின் பக்கத்து சீட்டிலேயே வளர்ந்தவள். நாற்காலிகளையும் வேனில் இருக்கிற மாதிரியே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள்.

"இது ஜன்னல் ராணி இடம். இது வாந்தி இடம், பக்கத்துல பை வைக்கணும். கடைசி சீட்டு தூங்குமூஞ்சிக்கு." ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காகிதத் தொப்பியை வைத்தாள். வேன்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பலூனை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாரம் முழுக்க ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்திச் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் பிறந்தநாள். நாலு மணிக்குப் பிள்ளையை அனுப்பிடுங்க." அத்தனை பேரும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார்கள். "கண்டிப்பா! டாண்ணு ரெடி பண்ணிடறோம்" என்று தூங்குமூஞ்சியின் அப்பாகூடச் சொன்னார். தினமும் மூன்று தடவை ஹார்ன் அடித்தால்தான் அந்த வீட்டுக் கதவே திறக்கும்.

"வரலைன்னா வரலைன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா? அவ்வளவு என்ன ஏத்தம்?" அக்கா பொரிந்தாள்.

"எனக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்கக்கா. எவ்ளோ லேட்டானாலும் கூப்பிடக் கூடாது, வண்டி ஓட்டறப்ப எடுக்க மாட்டேன்னு நான்தான் சட்டம் போட்டிருக்கேன்."

"இப்ப என்ன வண்டியா ஓட்டறே? நீயே கூப்பிட்டுக் கேளேன்."

"கேட்டு? கெஞ்சச் சொல்றியா?" வேன்காரர் கையிலிருந்த பலூனைக் கீழே போட்டார். "வேன்காரன் வீட்டுக்கு யாரு பிள்ளையை அனுப்புவாங்க? ஆசைப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவருக்கு அத்தனை வீட்டு வாசலும் அத்துப்படி. எந்த நாய் குரைக்கும், எந்தக் கேட் கிறீச்சிடும், எந்தப் பிள்ளை டாட்டா காட்டாமல் ஏறாது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவர் வீடு எந்தப் பக்கம் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அது இன்றைக்குப் பார்த்து உறைத்தது.

கடைசியில் மூன்று பேருமாகவே கேக்கை வெட்டினார்கள். வராத பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அக்காவே கை தட்டினாள்.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "மீதி கேக்கை நாளைக்கு வேன்ல எல்லாருக்கும் குடுத்துக்கலாம்பா" என்றாள்.

நாளைக்கு! அந்தக் கேட்டுகளின் முன்னால் எந்த முகத்தோடு போய் ஹார்ன் அடிப்பது? அக்காவைத் தனியே கூப்பிட்டு, "இந்த ரூட்டையே விட்டுடறேன்க்கா. வேற ஸ்கூல் பார்த்துக்கறேன்" என்றார். அக்காவுக்குத் தெரியும், தம்பி ஒன்று முடிவு பண்ணிவிட்டால் பண்ணியதுதான்.

"அப்பா, வேன்ல ஒரு ரவுண்டு போலாமா?" பாப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிறந்தநாளும் அதுவுமாக அதற்கும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் தன் சீட்டில் ஏறினாள். பின்னால் அத்தனை சீட்டும் காலி. கண்ணாடியில் அதைப் பார்த்தவர் சட்டென்று கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார்.

கடைத்தெருப் பக்கம் போகலாம் என்றுதான் கிளம்பினார். பழகின கை, யோசனையில் இருந்தபோது தானாக ஸ்டியரிங்கைத் தினமும் போகிற பக்கம் திருப்பிவிட்டது. சுதாரிப்பதற்குள் தூங்குமூஞ்சியின் தெரு வந்துவிட்டது.

கேட் வாசலில் தூங்குமூஞ்சி நின்றுகொண்டிருந்தான். பளபளவென்று புதுச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பரிசுப் பெட்டி. யார் வீட்டு விசேஷத்துக்கோ ஜோராகப் புறப்பட்டாகிவிட்டது! வேன்காரருக்கு வயிறு எரிந்தது. பாப்பாவின் கண்ணில் படுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தார்.

அவ்வளவுதான், பையன் நடுத்தெருவுக்கே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினான். பிரேக் அலறியது. அவனுக்குப் பின்னால், அடுத்த கேட்டில் ஜன்னல் ராணி கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அடுத்த கேட்டின் படியில் வாந்திப் பையன், மடியில் ஒரு பொம்மைப் பெட்டியோடு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

தூங்குமூஞ்சி கதவைத் திறந்து, பெட்டியை உள்ளே தள்ளி, ஏறித் தன் கடைசி சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஏன் மாமா இன்னைக்கு இவ்ளோ லேட்டு?"