மாடி வீட்டு ஆயுதம்

"மேல இன்னாதான் பண்ணிக்கினு இருக்கிறான் அவன்? மூணு நாளா ஒரே கரகரன்னு!"

தறியில் உட்கார்ந்தபடியே கதிர்வேல் கேட்டதும், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி காவேரி எழுந்துவிட்டாள். அவளுக்கும் மூன்று நாளாக அதே கேள்விதான். தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"டேங்க்ல தண்ணி இருக்குதான்னு பார்த்துட்டு வரேன்" என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மாடி அறைக்கு சந்தோஷ்குமார் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நெசவாளர்கள் நிறைந்த இந்தப் பிள்ளையார்பாளையத்தில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் 'எந்த ஊரு, இன்னா ஆளுங்க' என்று துருவிவிட்டு, வீடு இல்லையென்று அனுப்பியிருந்தார்கள். காவேரிதான் ஒன்றுமே கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கதவு திறந்தே இருந்தது. சந்தோஷ் தரையில் உட்கார்ந்து, ஒரு பலகையில் தகடு ஒன்றை இறுக்கிவைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். சுற்றிலும் இரும்புத் தூள்.

"இன்னாப்பா இது?"

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. "வாங்கக்கா. சும்மா... ஒரு பொம்மை மாதிரி."

"பொம்மையா?"

"சினிமால ஒரு ஹீரோ மூஞ்ச மூடிக்கினு சண்டை போடுவாருல்லக்கா. இடுப்புல இருந்து எடுத்து விர்ருனு வீசுவாரே, இறக்கை மாதிரி ஒண்ணு. அதுதான்."

காவேரி வாங்கிப் பார்த்தாள். நல்ல கனம். இரண்டு பக்கமும் விரித்த இறக்கை, நடுவில் சின்னதாக ஒரு தலை. முனையெல்லாம் இன்னும் மொழுக்கென்று இருந்தது.

"ரெண்டு இறக்கையும் எப்படிப்பா இவ்ளோ கரெக்டா வந்துது?"

"அட்டைய ரெண்டா மடிச்சு, பாதி மட்டும் வரைஞ்சு வெட்டுனேன்கா. பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும். அதைத் தகடு மேல வச்சு கோடு போட்டு, ரம்பத்தால அறுத்தேன்."

"அட! எங்க சேலையில வர மயிலையும் இப்படித்தான் பாதி வரைவாங்க."

அவளுக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள். எந்த அரம் எதற்கு, உப்புத்தாள் எப்போது போடுவது, பளபளப்பு எப்படி வரும் என்று வரிசையாகக் கேட்டாள். அவனும் சலிக்காமல் சொன்னான்.

"ஆமா, யாருக்கு இது?"

"தெரிஞ்சவங்களுக்குக்கா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

பலகைக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி இன்னொன்று இருந்தது. காவேரி அதையும் எடுத்தாள்.

"அக்கா, அது வேணாம்! பிரிக்காதீங்க!"

அதற்குள் பிரித்துவிட்டாள். அதே இறக்கை வடிவம். ஆனால் பழைய ரம்பத் தகட்டில் கோணல்மாணலாக வெட்டியது. விளிம்பு பிளேடு மாதிரி தீட்டியிருந்தது. தொட்ட விரலில் கோடாக ரத்தம்.

"அய்யய்யோ! இதுவா பொம்மை?"

"அது நான் செஞ்சது இல்லக்கா."

"பின்ன உன் ரூமுக்கு நடந்து வந்துதா? யாரு செஞ்சாங்க?"

சந்தோஷ் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"என் பொண்ணு தினம் துணி எடுக்க மாடிக்கு வரா. வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல கத்தி செஞ்சிக்கினு இருக்கிறியா நீ? அன்னிக்கே தெருவுல எல்லாரும் சொன்னாங்க, இந்த மாதிரி ஆளுங்களை வைக்காதேன்னு. நான்தான் கேக்கல."

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, என் வீட்டுக்காரி எஸ்தர் அடுத்த வாரம் கைக்குழந்தையோட அவங்க அம்மா வீட்டுல இருந்து வரா. இப்ப போய் வேற வீடு தேடுனா..."

காவேரி கொஞ்சம் இளகினாள். "சரி. யாரு செஞ்சதுன்னு மட்டும் சொல்லு. நான் எதுவும் கேக்கல, நீ இங்கேயே இரு."

சந்தோஷ் வாயைத் திறந்தான். வெளியே தெருவைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

"சொல்ல முடியாதுக்கா. இந்த மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடறேன்."

"அவ்ளோ திமிரா?"

கூரான தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு தடதடவென்று இறங்கினாள். "பாருங்க, உங்க மாடி வீட்டுக்காரன் லட்சணத்தை! இன்னிக்கே போலீசுக்குப் போன் போடுங்க" என்று கதிர்வேலுக்கு எதிரில் அதை வைத்தாள். அவர் தறியைவிட்டு எழுந்து வந்து, தொடாமலே குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் மகள் கீர்த்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. செருப்பைக் கழற்றியவள், தரையில் கிடந்த தகட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். புத்தகப் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"சந்தோஷ் அண்ணன் சொல்லிட்டாராம்மா?" என்று அழ ஆரம்பித்தாள். "'நீ செஞ்சது யார் கழுத்தையாவது அறுத்துடும் பாப்பா, என்கிட்ட குடுத்துடு. அறுக்காத மாதிரி நானே ஒண்ணு செஞ்சு தரேன், உங்க வீட்டுல மூச்சு விடமாட்டேன்'னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரே!"