பொறுப்பேற்ற சலவை இயந்திரம்

வீட்டில் யாராவது "குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால், சலவை இயந்திரம்வரை வீட்டுச் சாதனங்கள் எல்லாம் அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். பிறகு என்ன விபத்து நடந்தாலும் பழி அப்படிச் சொன்னவர் தலையில்தான். அவற்றைச் செய்த கம்பெனி கையைக் கழுவிவிடும். அதனால் செண்பகத்தின் மகள் நறுமுகையின் காதுகுத்துக்கு வந்த இருபத்திரண்டு சொந்தங்களில் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கொஞ்சினார்கள், கீழே இறக்கிவிட்டார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தபோது தாய்மாமன் கதிரேசனின் மடி காலியாக இருந்தது.

கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி என்று பதறித் தேடினார்கள். கடைசியில் பின்கட்டில், சலவை இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நறுமுகை கொலுசை ஆட்டிச் சிரித்தாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது பொறுப்பேற்றால் திறக்கும்," என்றது இயந்திரம்.

"நான் பாத்துக்கறேன்!" என்று கதிரேசன் கத்தினான். அத்தைகள், சித்தப்பாக்கள், ஆசாரிகூடக் கத்தினார்கள். கதவு திறந்தது. குழந்தை கைக்குக் கை தாவி முத்தத்தில் நனைந்தது.

"இருபத்துமூன்று பொறுப்பாளர்கள். கம்பெனிக்குப் பொறுப்பில்லை," என்றது இயந்திரம்.

செண்பகம் அதன் பக்கம் திரும்பினாள். "உள்ளேர்ந்து தொறக்க ஒரு பிடி வைக்கத் துப்பில்ல, பேச்சப் பாரு! நீயும் சொல்லு. இல்லன்னா இப்பவே உன்னத் தெருவுல எறக்கிடுவேன்."

இயந்திரத்தின் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறியது.

"நானும் பாத்துக்கறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நறுமுகை மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி காதருகே போனதும் பின்கட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

"ஆசாரியண்ணே, மெல்ல! புள்ளைக்கு வலிக்கும்!"