கிழக்கு ஜன்னல்

எங்கள் அலுவலகத்தில் எழுத்தர்கள் ஆறு பேர். ஆறு பேர் மேசையிலும் தலைவலி மாத்திரை இருக்கும். வாரம் தவறாமல் யாராவது மருத்துவ விடுப்பில் இருப்போம்.

ஒருநாள் மிகுந்த தயக்கத்துடன் மேலாளர் அவர்களிடம் சென்றேன்.

“சார், அந்தக் கோடியில கிழக்கு ஜன்னல் சும்மாதான் கிடக்கு. காலை வெயில் பட்டா உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாம். உங்க மேசையை அங்க போட்டுடலாமா?”

“என் மேல இவ்வளவு அக்கறையா!” என்று நெகிழ்ந்தவர், அன்றே இடம் மாறினார்.

ஒரே மாதத்தில் மாத்திரை அட்டைகள் காணாமற்போயின. ஒருவரும் விடுப்பு எடுக்கவில்லை. தட்டச்சு செய்யும் அக்கா பாடவே தொடங்கிவிட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேலாளர் அதனுடன் எங்களிடம் வந்தார்.

“எப்படிப்பா இந்த மாற்றம்?”

“எல்லாம் அந்த ஜன்னல் வெயில்தான் சார்,” என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னார்.

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். நாற்பதடி தள்ளி, குழல்விளக்கின் கீழ் அமர்ந்திருந்த எங்களையும் பார்த்தார்.

“அடேயப்பா! இவ்வளவு தூரத்துக்கே இந்தப் பலன்னா, பக்கத்துல வந்தா? நாளையிலேர்ந்து ஆறு மேசையும் என் மேசையைச் சுத்தித்தான்!”

“ஐயோ, உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?”

“கூச்சப்படாதீங்கய்யா!”

பிறகு, பழைய வழக்கப்படி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை ஊரே கேட்கும்படி படித்து, வரிக்கு வரி குறை சொன்னார்.

அக்காவின் பாட்டு நின்றுபோயிற்று. நான் இழுப்பறையைத் திறந்து மாத்திரையைத் தேடினேன்.