சான்றிதழில் ஒரு வரி

“அங்க இல்லக்கா, இங்க. குதிகால வெச்சிப் பாரு, மண்ணு பொதபொதன்னு கீது.”

அப்பாவின் படகுக்காகக் கூடையோடு கரையில் காத்திருந்த குப்பத்துப் பெண் வேண்டா காட்டிய இடத்தில் ஹரிப்ரியா கையால் மெல்லத் தோண்டினாள். ஆமை முட்டைகள்! அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கடலோர வளப் பாதுகாப்புப் பயிற்சியின் கடைசித் தேர்வு. விடிந்ததிலிருந்து குச்சியால் குத்திக் குத்தி அவளுக்குக் கைதான் வலித்தது.

அதிகாரி ஓடி வந்தார். “சபாஷ்! இதுக்குத்தான் உன்னை மாதிரிப் பிள்ளைங்களைத் தேடி எடுத்தோம்.” சான்றிதழையும் வேலை உத்தரவையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஹரிப்ரியாவுக்குக் கூச்சமாக இருந்தது. “கண்டுபிடிச்சது நீ, பாராட்டு எனக்கு. நீயும் இந்தப் பயிற்சியில சேர்ந்திருக்கலாமே?”

“எழுதிப் போட்டேன்க்கா. குப்பத்துக்கு ஒரு சீட்டுதானாம். எங்க சதுரங்கப்பட்டினம் குப்பத்துல வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களாம்.” வேண்டா சிரித்தாள். “யாருன்னு வூடு வூடா கேட்டுகினு கீறேன், ஒருத்தருக்கும் தெரியல. அவ நோட்ட வாங்கிப் படிச்சா அடுத்த வாட்டி எனக்குக் கெடைக்கும்ல? உன்கூடத்தான படிச்சிருப்பா, தெரியுமாக்கா?”

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஹரிப்ரியா, “தெரியல” என்றாள்.

சான்றிதழில் அவள் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த ‘மீனவர் குப்பம், சதுரங்கப்பட்டினம்’ என்ற வரியை அவளுடைய கட்டைவிரல் அழுத்தி மூடியிருந்தது.