லைன்ல இருக்கீங்களா?

"இன்னிக்கும் வந்துட்டான்க்கா" என்றாள் அவள், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

பக்கத்து சீட் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால். சொல்லி வைத்தாற்போல் ஊமை கஸ்டமர் வரும் நேரம்.

"கட்டையில போறவன். உனக்குன்னு வந்து வாய்ச்சான் பாரு."

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. மூன்று வாரமாக ஒருத்தன் தினமும் கூப்பிடுகிறான். வேறு யார் எடுத்தாலும் உடனே வைத்துவிடுவான். அவள் குரல் கிடைக்கும்வரை விடாமல் கூப்பிடுவான். கிடைத்துவிட்டால் பேசவும் மாட்டான், வைக்கவும் மாட்டான்.

"லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் துண்டிக்கலாம் என்பது ஆபீஸ் விதி. ராத்திரி கணவரிடம் போனில் அவள் இதைச் சொல்லிப் புலம்பாத நாள் இல்லை. அந்தப் படுபாவிக்கு அதுவும் தெரிந்திருந்தது. மூன்றாவது முறை கேட்டதும் போனில் விரலால் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டுவான். சத்தம் வந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். துண்டித்தால் அவளுக்குத்தான் மெமோ வரும்.

"பரவாயில்லைங்க, அவசரமே இல்ல. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத் தேன் தடவிச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷம் அவளுடைய டீ நேரம். விடியும் முன்னே எழுந்து, சமைத்து, மகளைப் பள்ளிக்குக் கிளப்பி, அரக்கப் பரக்க பஸ் பிடித்து வருகிறவளுக்கு, ஒரு நாளில் தனக்கென்று இருந்தது மாடிப்படி ஜன்னலோரம் நின்று சூடாகக் குடிக்கும் அந்த ஒரு டீதான். அதிலும் மண் விழுந்தது.

டீ போனால் போகட்டும். முதுகுக்குப் பின்னால் நடந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

"அதென்ன, இவ கிடைச்சா மட்டும் லைன்ல நிக்கிறான்? தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும்."

கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஊர் நாக்குக்கு இது போதாதா?

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா, உன் போன் கால் எல்லாம் ரப்பர் மாதிரி இழுக்குதே?"

"நான் என்ன சார் பண்ணட்டும்? கட் பண்ணவும் விட மாட்டேங்கிறீங்க. நம்பரைப் பார்க்கலாம்னா ஸ்கிரீன்ல வெறும் நட்சத்திரம்தான் வருது."

"நம்பர் வேணும்னா மேலிடத்துல கேட்டு வாங்கணும், ஒரு வாரம் ஆகும். உன் கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடியுது. உன் சராசரி நேரம் இப்படியே இருந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை முட்டியது. நின்றுகொண்டே வந்ததால் அதற்கும் வசதிப்படவில்லை.

வீட்டில், நாலாம் வகுப்பு மகள் வழக்கம்போல் நாலு மணிக்கே வந்து, தானே பூட்டைத் திறந்து, வீட்டுப்பாடம் முடித்துக் காத்திருந்தாள். கழுத்தில் சாவி இன்னும் தொங்கியது; அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த பழைய போன் பக்கத்தில் கிடந்தது.

வந்தவள் பையைக்கூட இறக்காமல் அழுக்குத் துணியை மெஷினில் திணித்தாள். ஊழியர் தள்ளுபடியில் வாங்கிய, அதே கம்பெனி மெஷின். மகள் அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா?"

"அப்புறம்."

"சின்னதுதான்மா."

"நேத்தும் இதையேதான் சொன்ன. நாள் பூரா கண்டவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது வலிக்குதுடி. வீட்டுலயாவது கொஞ்சம் வாயை மூடிட்டு இரு."

மகள் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் கேட்கிற பிள்ளை. மெஷின்மேல் ஒட்டியிருந்த, புகார் நம்பர் போட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்ப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை. நாலே கால்.

"வேலை எப்படியும் போகப் போகுது" என்றாள் அக்கா. "போறதுக்கு முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுப் போ. மெமோவாவது மண்ணாங்கட்டியாவது."

மணி அடித்தது.

"வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

மூச்சு மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

டொக்.

மூன்று வார ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏண்டா, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா? ஒரு பொம்பளை தன்மையாப் பேசினா விடாமத் தொங்குவியா? உன்னால எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? நாளையோட என் வேலையே போகப் போகுது. உனக்கெல்லாம் வீட்டுல அம்மா இல்லையா?"

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படிக் கேளு" என்று அக்கா தலையாட்டினாள்.

பயந்து வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு குரல், விசும்பலை அடக்கிக்கொண்டு வந்தது.

"வீட்டுல இல்லம்மா... ஆபீஸ்ல இருக்காங்க."