கரை காணாதவர்கள்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் கண்ணாடிக் கூரை வழியே மழைக்கால வெளிச்சம் கயிற்றால் பிணைத்த இரட்டைத் தோணியின் மேல் சாம்பலாக விழுகிறது. இப்படிப்பட்ட தோணிகளில்தான், நட்சத்திரங்களையும் கரை திரும்பும் பறவைகளையும் பார்த்துப் போய், பழங்கால மக்கள் பசிபிக்கின் ஆளில்லாத தீவுகளில் குடியேறினார்கள் என்கிறாள் வழிகாட்டிப் பெண். கிழக்கு லண்டனில் வசிக்கும் செபமாலைமுத்து, மன்னாரிலிருந்து வந்திருக்கும் தங்கை டொலறஸுக்கு அதைத் தமிழில் சொல்கிறார். அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய அவள் மகன் ஜெஸ்ரினிடமிருந்து பல வருடங்களாக ஒரு தகவலும் இல்லை. “கரை காணாத ஆக்களுக்கு என்ன நடந்ததாம்? கேளுங்கோ அண்ணை.” அவர் கேட்கிறார். பெண்ணின் குரல் தணிகிறது. அவர்கள் கடலோடு போயிருப்பார்கள், தடயமே கிடைக்கவில்லை என்கிறாள். செபமாலைமுத்து தங்கை பக்கம் திரும்புகிறார். “வேற தீவுகளிலை ஒதுங்கியிருப்பினமாம்.” டொலறஸ் அவரைப் பார்க்கவில்லை, கண்களைத் தாழ்த்தி நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்க்கிறாள். பிறகு தோணியின் வெறும் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். மரம் உலர்ந்து வெடித்திருக்கிறது. “குடிக்கிற தண்ணி முடிஞ்சால் என்ன செய்வினமெண்டு கேளுங்கோ.” பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தபடி கடந்து போகிறார்கள். வழிகாட்டிப் பெண் அடுத்த கேள்விக்காகக் காத்து நிற்கிறாள். செபமாலைமுத்து தோணிக்குப் பக்கத்திலிருக்கும் விவரப் பலகையை வாசிக்கத் தொடங்குகிறார்.