ஒன்பதாவது கை

கட்டுமானக் கம்பெனியின் பெயர் எழுதிய காரிலேயே நர்ஸம்மா வந்து இறங்கினார்.

நகராட்சி வாசலில் கூடியிருந்த தெருக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர்களே வற்புறுத்தி நிற்க வைத்து, கவுன்சிலராக ஜெயிக்க வைத்தவர். ஆனாலும் இன்று ஒருவர்கூட வணக்கம் சொல்லவில்லை.

காரை ஓட்டி வந்தது அவருடைய மாப்பிள்ளை. அந்தக் கம்பெனியில் மேனேஜர்.

விஷயம் இதுதான். தெருவுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் அடுக்குமாடி கட்ட கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. மழைத் தண்ணீர் வந்து தங்குகிற இடம் அது. அதை மேடாக்கினால் தண்ணீர் வீடுகளுக்குள்தான் ஏறும். கவுன்சிலர்கள் ஒன்பது பேர். நாலு பேர் கம்பெனி பக்கம், நாலு பேர் தெருப் பக்கம். நர்ஸம்மா மட்டும், தான் எந்தப் பக்கம் என்று வாயே திறக்கவில்லை.

அவர் எதுக்குத் திறக்கணும், அதான் காரே சொல்லுதே என்றார் ஒருவர், நர்ஸம்மா காதில் விழும்படியாகவே.

போன வாரம்தான் மகள் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். உங்க மாமியார் கை தூக்கலைன்னா நீங்க வேற வேலை பாத்துக்கலாம் என்று முதலாளி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாராம்.

“பெத்தவளே கவுத்துட்டான்னு ஆயிட்டா, அந்த வீட்டுல நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இருப்பேம்மா?” என்றாள்.

நர்ஸம்மா பேரப்பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கூட்டம் தொடங்கியது. பார்வையாளர் வரிசையில் ஒரு பக்கம் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் முதலாளியும் மாப்பிள்ளையும். தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அச்சகக்காரர் எழுந்துவிட்டார்.

தெருப் பக்கம் நின்ற நாலு பேரில் அவர் ஒருவர். அவருடைய தம்பியைத் தோற்கடித்துத்தான் நர்ஸம்மா கவுன்சிலரானார். அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

“ஒரு ஆட்சேபம் இருக்கு. இங்க ஒருத்தரோட மாப்பிள்ளை இதே கம்பெனியில சம்பளம் வாங்குறாரு. அவங்க ஓட்டுப் போடக் கூடாது.”

அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்தது. யாராவது ஆட்சேபம் சொன்னால் சம்பந்தப்பட்டவர் வெளியேற வேண்டும். ஆனால் இதுவரை ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. தொட ஆரம்பித்தால் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

தலைவர் அவரை உட்காரச் சொன்னார். அச்சகக்காரர் உட்காரவில்லை.

“மகளைக் கட்டிக் கொடுத்தாங்க, சரி. கூடவே வார்டையும் சேத்து சீதனமாக் கொடுக்கப் பாக்குறாங்களே, அதுக்கு நாம சாட்சியா?”

தெருப் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. நர்ஸம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கோபத்தில் பாதி எழுந்தார். முதலாளி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

என் குடும்பத்தை இழுக்காதீங்க என்று நர்ஸம்மா தழுதழுத்தார். அச்சகக்காரர் விடவில்லை. வெட்கம் இருந்தால் காலையிலேயே வராமல் இருந்திருப்பீர்கள் என்றார். ஊசி போட்ட வீடுகளுக்குள்ளேயே தண்ணீரை விடப் பார்க்கிறீர்களே என்றார். தலைவர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, விதி விதிதான் என்பதுபோல் தலையசைத்தார்.

நர்ஸம்மா வெளியே போக வேண்டியதாயிற்று. இரண்டு வரிசைக்கும் நடுவில் அவர் தலைகுனிந்து நடந்தபோது, இந்தப் பொழைப்புக்கு என்று யாரோ ஆரம்பித்து மீதியைச் சொல்லாமல் விட்டார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. நாலுக்கு நாலு. சரிசமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. தோற்றது.

தெருக்காரர்கள் அச்சகக்காரரைத் தோளில் தூக்காத குறைதான்.

திரும்பும்போது பாதி வழியில் மாப்பிள்ளையே பேச்சை ஆரம்பித்தார்.

“விடுங்க அத்தை. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களைக் கை தூக்க விட்டாத்தானே. முதலாளியும் அதையேதான் சொன்னாரு. நம்ம மேல அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாம் அந்த ஆளு மேலதான்.”

நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். தினமும் பேசுகிறவள். இவரைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் போன் அடித்தது. அம்மாவைப் பார்க்க வந்திருந்த மகள் கூடத்தில் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவை மூடினார்.

பேசியது அச்சகக்காரர்.

“மனசு கேக்கலை நர்ஸம்மா. உங்க தெருவுல என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. உங்களைக் காறித் துப்புறாங்க. நடந்ததை நானே சொல்லிடட்டுமா?”

“வேண்டாம்ணே. என் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்.”

“இருந்தாலும் அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசிட்டேனே.”

“எங்கண்ணே பேசினீங்க? நான் சொல்லிக் கொடுத்ததுல பாதியை முழுங்கிட்டீங்க.”